கையெழுத்துப் போட்டா வாண்மை விருத்தியா?

நாங்கள் பன்வில பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படித்துவிட்டு இப்போ கலைப்பீடத்தில் இருக்கிறவங்க. படித்த காலம் முழுக்க, ஓர் அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்து ஒரு பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டதை எங்களில் யாருமே பார்த்ததில்லை. பாடக்குறிப்புப் புத்தகங்கள் மட்டும் தவறாமல் அலுவலகத்துக்குப் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும். வலயத்துக்குப் போகும் படிவத்தில் இதுக்குப் பெயர் வாண்மை விருத்தி! 2006 இல் பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தவங்க இதையா நினைத்தாங்க?

2014, 2015 ஐ நினைத்துப் பாருங்க. உயர்தரம் முடித்தவங்களை ஆயிரக்கணக்கில் ஆசிரிய உதவியாளர்களாக மலையகப் பாடசாலைகளுக்கு அனுப்பினாங்க. மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000. கலாசாலைப் பயிற்சி பிந்தித்தான். வெண்கட்டியோடு வகுப்புக்குள் நின்ற அந்த அக்காமாருக்குக் கற்பித்தலைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் அதிபர்தான். எங்கள் அதிபர் கொடுத்தது நேரசூசி. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பையும் சேர்த்துக் கொடுத்தார். பின்னம் படிப்பிக்க வந்த அக்கா புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினார், நாங்கள் கொப்பியில் எழுதினோம். எங்களில் பாதிப்பேர் கணிதத்தைக் கைவிட்டது அங்கேதான். அந்த அக்காவை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

"அதிபருக்கு நேரம் ஏது?" என்று கேட்பீங்க. நியாயம்தான். சின்னப் பாடசாலையில் அவரே இரண்டு வகுப்புக்குப் படிப்பிக்கணும், எழுதுவினைஞர் கிடையாது, வத்தேகமவில் வலயக் கூட்டம் என்றால் பஸ் பிடித்துப் போய் வரவே நாள் முடிஞ்சிடும். வலயத்தின் மேலும் எங்களுக்குக் கோபம் உண்டு. ஆனா பரிசளிப்பு விழா மேடைக்கும் அரசியல்வாதியின் மாலைக்கும் இரண்டு வாரம் ஒதுக்க முடிகிற பாடசாலையில் நாற்பது நிமிடம் கிடைக்காது என்றால், சும்மா விடுங்க.

ஜப்பானில் ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவங்க வகுப்பில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு கூடிப் பேசுவாங்க. நூறு வருசத்துக்கு மேலான பழக்கம். அதுக்குப் புரொஜெக்டர் வேண்டாம், செயலமர்வுச் சாப்பாட்டுப் பார்சலும் வேண்டாம்.

குறை பிடிக்க வாறார் என்ற பயம் ஆசிரியருக்கு இருக்கும்தான். அப்போ முதல் பாடத்தை அதிபரே நடத்தட்டும், இளம் டீச்சர் கடைசி வாங்கில் உட்காரட்டும். பிள்ளைகள் எந்த இடத்தில் விளங்காமல் முழித்தாங்க என்று டீச்சர் அவருக்குச் சொல்லட்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அடுத்த தவணை நேரசூசியிலேயே குறித்துவையுங்க, சேர்.