கிணற்றுத் தண்ணீரைக் கல்லின் கணக்கில் எழுதலாமா?

நல்லூரில் பழைய கிணறொன்றை எட்டிப் பார்த்தால் மேலே செம்மண், அதன் கீழ் துளை விழுந்த சுண்ணாம்புக் கல். இறைத்து வற்றவைத்தால் தண்ணீர் சுற்றிவரக் கசியாது; ஓரிரு ஊற்றுக்கண்ணால் பாய்ந்து வரும். பக்கத்து வளவுக் கிணற்றுக்கு அந்தக் கண் அகப்படாமலே போகலாம். வலிகாமத்து மயோசீன் கல்லின் குணம் அது. வெடிப்பும் கரைகுழியும் உடனே விட்டுவிடும், இடையிலுள்ள கல் ஆறுதலாக விடும், ஒரு பங்கை விடவே விடாது.

இது தெரிந்தும் நமது அறிக்கைகளில், புவியீர்ப்பால் வடியும் பங்குக்கு ஒரே எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விடுகிறோம். மாரி முடிய நீர்மட்டம் 1.5 மீற்றர் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். வடியும் பங்கு 5 வீதமென்றால் நிலத்தில் சேர்ந்தது 75 மில்லிமீற்றர். 20 வீதமென்றால் 300. ஒரே கிணறு, ஒரே மழை, மீள்நிரப்போ நான்கு மடங்கு! உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர் வில்லையை நம்பியிருக்கும் குடாநாட்டில், கூட்டிப் போட்ட எண்ணை நம்பி இறைத்தால் கிணறு உவராகும்.

எண் எங்கே கெடுகிறது? பெரும்பாலும் இறைப்புச் சோதனையில்தான். 1935இல் தைஸ் தந்த சமன்பாடு கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீரைக் கணக்கில் எடுப்பதில்லை. நமது கிணறுகளோ அகலமானவை. 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் மட்டம் 1 மீற்றர் இறங்கினால், ஏறக்குறைய 7,000 லீற்றர் கிணற்றுக் கூட்டிலிருந்தே வந்தது. கல் அதில் ஒரு சொட்டும் தரவில்லை. அகன்ற கிணற்றுக்கான தீர்வைப் பப்படோபுலோசும் கூப்பரும் 1967இலேயே தந்துவிட்டார்கள். இன்னமும் தைஸ் வளைகோட்டையே பொருத்திக்கொண்டிருப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

திருத்திய பின்னும் ஒரு சிக்கல் உண்டு. சில மணி நேரச் சோதனையில் பேசுவது வெடிப்புகள் மட்டும். கல்லின் மெல்லிய வடிகை அதற்குள் தெரிய வராது. நல்லூர்த் திருவிழா வரும் கோடை மாதங்களில், மழையின்றியும் கிணற்றில் தண்ணீர் நிற்பதில் அந்த வடிகைக்குப் பெரும் பங்குண்டு.

இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில் வடியும் பங்கைத் தனி எண்ணாக ஏற்கமாட்டோம். கிணற்றின் விட்டம், இறைத்த நேரம், மாதம், ஊற்றுக்கண்ணின் ஆழம், மின்கடத்துதிறன் ஆகியவற்றோடு வீச்சாகத் தாருங்கள். இறைத்த பின் நீர்மட்டம் மீள்வதை அளப்பதை இடையில் நிறுத்தியிருந்தால், எந்த மணிக்கு என்பதையும் எழுதுங்கள்.