பாகம் பிரித்தாலும் கிணறு பொது



அண்ணன் தம்பி பாகம் பிரிக்க உட்காரும்போது, பத்திரம் எழுதுகிறவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கிணறும் வண்டிப்பாதையும் எப்படி?" என்பதுதான் அது. வீட்டைப் பிரிக்கலாம், நிலத்தைப் பிரிக்கலாம், பாத்திரம் பண்டங்களையும் பிரிக்கலாம். கிணற்றின் நடுவே சுவர் எழுப்பினால் இரண்டு பேர் வயலும் காயும். ஆகவே, "கிணறும் பாதையும் இருவருக்கும் பொது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நம் பக்கத்து விவசாயிக்கும் தெரிந்த இந்த உண்மையை, உலகமெங்கும் வாணிபம் செய்த இங்கிலாந்து மறந்தது. மறந்ததன் விலையை இன்றும் கொடுத்து வருகிறது.

"இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் போனால் கருணாபுரத்து மளிகைக் கடைக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசியல்வாதிகள் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்துவிட்டு, அது எப்படி, எப்போது என்று சொல்லாமல் விட்டால், இடைப்பட்ட காலத்தில் நசுங்குவது கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். இது இலண்டனுக்கும் பொருந்தும், கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும். அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் நம் வீட்டுப் பாகப்பிரிவினையைப் பார்ப்போம். 1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்தபோது நாம் விழுப்புரத்தோடு போனோம். ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்க வேண்டுமானாலும் கடையைப் பூட்டிவிட்டு எழுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். 2019 ஜனவரி 8-ஆம் நாள், கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று தமிழகத்தின் 34-ஆவது மாவட்டமாக அது தொடங்கி வைக்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், கல்வராயன்மலை வட்டங்கள் ஒரு குடையின் கீழ் வந்தன.

மறுநாள் காலை வணிகத்தில் என்ன மாறியது? பில் புத்தகத்தில் அச்சடித்திருந்த மாவட்டத்தின் பெயர் மாறியது. மனு கொடுக்கும் இடம் பக்கத்தில் வந்தது. அவ்வளவே! விழுப்புரத்து மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கை உளுந்தூர்பேட்டையில் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. நம் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் முன்பும் 33, பின்பும் 33. எடைக்கல் மாறவில்லை, வரி விகிதம் மாறவில்லை, பாக்கி வசூல் செய்யப் போகும் பாதையும் மாறவில்லை. கல்வராயன்மலையைப் பாருங்கள். வெள்ளிமலை நம் மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம். ஒரே மலையின் சாமையும் மரவள்ளியும் இந்தப் பக்கமும் இறங்குகின்றன, அந்தப் பக்கமும் இறங்குகின்றன. நிர்வாகத்தைப் பிரித்தார்கள், சந்தையைப் பொதுவில் விட்டார்கள். அதனால் அந்தப் பிரிவு நமக்கு வலிக்கவில்லை.

இனி அவர்கள் கதைக்கு வருவோம்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டிஷ் மக்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா? நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேர் விலகு என்றார்கள், 48 பேர் இரு என்றார்கள். விலகுவது என்று முடிவாயிற்று. எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டில் கேட்கவே இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்று தொடங்கிய கூத்து நான்கு ஆண்டுகள் நடந்தது.

விலகுவதற்கு வழிகள் பல இருந்தன. வணிகர் பாஷையில் சொல்வதானால் இப்படி:

ஒன்று, நார்வே வழி. நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் அல்ல. ஆனாலும் 1994 முதல் ஓர் ஒப்பந்தப்படி ஐரோப்பியச் சந்தைக்குள் இருக்கிறது. சந்தையில் கடை போடலாம், சந்தை விதிக்குக் கட்டுப்பட வேண்டும், செலவில் பங்கு தர வேண்டும், வேலை தேடி வருகிற ஐரோப்பியர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். விதி போடும் கூட்டத்தில் மட்டும் ஓட்டு இல்லை.

இரண்டு, துருக்கி வழி. 1995-இன் இறுதியிலிருந்து துருக்கிக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சுங்கக் கூட்டு உண்டு. ஆலைச் சரக்குக்கு இருவருக்கும் இடையே தீர்வை இல்லை. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே தீர்வை. ஆகவே தீர்வை விஷயத்தில் தன்னிஷ்டப்படி வேறு நாட்டோடு பேரம் பேச முடியாது.

மூன்று, கனடா வழி. பெரும்பாலான சரக்குக்குத் தீர்வை இல்லை. ஆனால் எல்லையில் காகிதமும் சோதனையும் உண்டு. நான்காவது, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவது.

முதல் இரண்டும் மென்மையான வழிகள். கிணற்றைப் பொதுவில் வைக்கும் வழிகள். ஆனால் பிரதமர் தெரசா மே, 2017 ஜனவரி 17 அன்றே பொதுச் சந்தையிலும் இருக்க மாட்டோம், சுங்கக் கூட்டிலும் இருக்க மாட்டோம் என்ற பொருளில் பேசிவிட்டார். மார்ச் 29 அன்று விலகல் கடிதமும் கொடுத்தார். கடிதம் கொடுத்தால் இரண்டே ஆண்டு கெடு. வீட்டைக் காலி செய்கிறேன் என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எங்கே குடிபோவது என்று வீட்டுக்குள் சண்டை போட்டதற்கு ஒப்பாகும் இது. ஜூன் மாதம் தேர்தல் நடத்தி, இருந்த பெரும்பான்மையையும் இழந்தார்.

நம் மாவட்ட அறிவிப்பு வந்த ஏழாம் நாள், 2019 ஜனவரி 15 அன்று, மே கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் 432-க்கு 202 என்று தள்ளியது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தள்ளியது. சரி, உங்களுக்கு எதுதான் வேண்டும் என்று மார்ச் 27 அன்று உறுப்பினர்களிடமே எட்டு வழிகளை வைத்தார்கள். எட்டும் தோற்றன! ஏப்ரல் 1 அன்று நான்கு வழிகளை வைத்தார்கள். நான்கும் தோற்றன. அவற்றுள் சுங்கக் கூட்டில் தொடரலாம் என்ற வழி பெற்றது 273. எதிராக விழுந்தது 276. மூன்றே ஓட்டு!

வணிகப் பெருமக்கள் இங்கே சற்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். மென்மையான வழிக்கு ஆதரவு இல்லாமல் அது தோற்கவில்லை. விலகவே கூடாது என்றவர்களில் பலர், மறு வாக்கெடுப்பு கிடைக்கும் என்று நம்பி இதை விட்டுக்கொடுத்தார்கள். முழுதாக விலக வேண்டும் என்றவர்கள், காத்திருந்தால் முழுசாகக் கிடைக்கும் என்று எதிர்த்தார்கள். தமக்குப் பிடித்த முதல் வழியை விட்டு, எல்லோரும் பொறுத்துக்கொள்ளக்கூடிய இரண்டாவது வழிக்கு இறங்கி வர ஆள் போதவில்லை. அந்த மூன்று ஓட்டில் போனது பொதுக் கிணறு.

அந்த மாதங்களில் அங்கிருந்த வியாபாரிகளின் நிலையை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். மார்ச் 29 கெடு என்றார்கள். எல்லை அடைபடும் என்று பயந்து கிடங்கு நிறையச் சரக்கு வாங்கி அடுக்கினார்கள். கெடு ஏப்ரல் 12 ஆயிற்று. பிறகு அக்டோபர் 31 ஆயிற்று. கடைசியில் 2020 ஜனவரி 31 ஆயிற்று. ஒவ்வொரு கெடுவுக்கும் கைமுதல் சரக்காக முடங்கியது, கிடங்கு வாடகை ஏறியது. பெரிய கம்பெனி தாங்கும். சின்ன வியாபாரிக்கு அது வட்டிக் கணக்கு.

நம் மாவட்டம் பிறந்த 66-ஆம் நாள் அவர்கள் விலகினார்கள். புதிய வணிக ஒப்பந்தம் முடிவானது 2020 டிசம்பர் 24. அது நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரி 1. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துத் தயாராக வியாபாரிக்குக் கிடைத்தது ஒரு வாரம். அதிலும் கிறிஸ்துமஸ் விடுமுறை! தீர்வை இல்லைதான். ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிக்கை, இறைச்சிக்கும் பால்கட்டிக்கும் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ். 2017 ஜூலைக்கு முன் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரி நின்ற இரவுகளை மறக்காத நம் மூத்த வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு லாரியில் ஒரே சரக்கு ஏற்றும் பெரியவருக்கு ஒரு காகிதம். பத்துச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிறியவருக்குப் பத்துக் காகிதம்.

வட அயர்லாந்தின் கதை இன்னும் வேடிக்கை. 1998-இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைக்குப் பின் அயர்லாந்து எல்லையில் சாவடி எழுப்பக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். ஆகவே சோதனை கடலுக்கு இந்தப் பக்கம் நகர்ந்தது. இலிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு, அதாவது ஒரே நாட்டுக்குள் சரக்கு அனுப்பவே காகிதம் தேவைப்பட்டது. கருமந்துறையிலிருந்து வெள்ளிமலைக்கு மூட்டை இறக்கச் சுங்கச் சீட்டு கேட்டால் எப்படி இருக்கும்!

மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். விலகியதால்தான் பிரிட்டன் தன்னிஷ்டப்படி ஒப்பந்தம் செய்ய முடிகிறது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சுங்கக் கூட்டில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அது அவர்கள் பெற்ற லாபம். ஆனால் அதே ஆண்டு மே 19 அன்று இலண்டனில் ஐரோப்பியத் தலைவர்களோடு உட்கார்ந்து, உணவுப் பொருள் சோதனையைக் குறைக்க ஓர் உடன்பாட்டுக்கு முயல்வது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆறு ஆண்டு சுற்றி, கிணற்றங்கரைக்கே குடத்தோடு வந்து நிற்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்?

வெகு தூரம் போக வேண்டாம். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று பிரதமர் அறிவித்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று தெரிய செப்டம்பர் 3 வரை 19 நாள். நடைமுறைக்கு வர செப்டம்பர் 22 வரை மேலும் 19 நாள். சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு 18 சதவீதம் 5 ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதம் 5 ஆனது. வரி குறைந்ததை மனமார வரவேற்கிறோம். ஆனால் விலை இறங்கும் என்று தெரிந்த வாடிக்கையாளர் எதற்கு இன்று வாங்குவார்? பழைய விலை அச்சிட்ட பாக்கெட்டுகளோடு நாம் 38 நாள் காத்திருந்தோம். முறையாகப் பதிவு செய்தவருக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரருக்கும், பதிவே தேவைப்படாத பெட்டிக்கடைக்காரருக்கும் அந்த வரவு இல்லை. பழைய வரியில் வாங்கிய சரக்கைப் புதிய விலையில் விற்ற நஷ்டம் அவர்கள் தலையில்.

ஆகவே எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த மாற்றம் வந்தாலும், வணிகர் சமுதாயம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாற்றத்தை அறிவிக்கும் நாளிலேயே விதியையும் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, நடைமுறைத் தேதி ஒன்றே இருக்க வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றாவது, உள்ளீட்டு வரவு இல்லாத சிறு வணிகரின் கையிருப்புச் சரக்குக்கு நிவாரணம் வேண்டும். வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த மூன்றும் பொருந்தும்.

அரசுக்குச் சொல்வதோடு நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மே 5 வணிகர் தினத்தை நாமே தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மேடைகளில் கொண்டாடி வந்திருக்கிறோம். தலைமையில் வேறுபாடு இருக்கட்டும், கொடி தனித்தனியாக இருக்கட்டும். ஆனால் கோரிக்கை என்று வரும்போது ஒவ்வொரு சங்கமும் தன் முதல் விருப்பத்தையே பிடித்துக்கொண்டு நின்றால், அதிகாரிக்கு எல்லாவற்றையும் தள்ளிவிடுவது எளிது. எல்லோரும் ஏற்கும் இரண்டாவது விருப்பம் எது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, மேற்சொன்ன மூன்றையாவது ஒரே மனுவாக எழுதி, எல்லாச் சங்கத்து முத்திரையோடும் கொடுப்போம்.

மூன்று ஓட்டில் கிணற்றை இழந்தவர்களைப் பார்த்துவிட்டோம். நம் கிணற்றை நாம் இழக்க வேண்டாம்.