மலையேறும் தூரதிருஷ்டிக் கண்ணாடி

கொல்லிமலையில் நக்ஷத்திரம் பார்க்கப் புறப்படும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பெட்டியின் மேல் "600 மடங்கு" என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுவது உத்தமம். தூரதிருஷ்டிக் கண்ணாடியின் மகிமை அதன் வாய் அகலத்திலேயே இருக்கிறது. 150 மில்லிமீட்டர் வாய்க்கு 300 மடங்கைத் தாண்டினால் பிம்பம் மங்குமே தவிர, புதிதாக ஒன்றும் புலப்படாது. குவிதூரம் 1,200 மில்லிமீட்டரானால், 25 மில்லிமீட்டர் கண்ணருகு லென்ஸ் 48 மடங்கும், 10 மில்லிமீட்டர் லென்ஸ் 120 மடங்கும் பெருக்கும். வியாழனின் நான்கு சந்திரர்களுக்கு இவ்விரண்டே தாராளம்.

வர்ணக் கண்ணாடிகளுக்கு அவசரமில்லை. சூரியனைப் பார்ப்பதற்குரிய வடிகண்ணாடி மட்டும் கருவியின் முன்வாயை முழுதும் மூடியிருக்க வேண்டும். கண்ணருகே திருகும் வகை உஷ்ணத்தால் வெடித்தால் குழந்தையின் பார்வையே பறிபோகும்!

மலைப்பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளுக்கு ஈடு கொடுக்கப் பஞ்சு வைத்த பையும் அவசியம். மலையின் இருளை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. கைவிளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, அதைக் காப்போமாக.