ஃபைலின் 'வால்' எங்கே ஒளிந்திருக்கிறது?

குமாரபாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கும் மகள், கணினி அறிவியல் பாடத்தில் வரும் பைத்தான் புரோகிராமை நோட்பேடில் டைப் செய்கிறாள். 'கணக்கு டாட் பிஒய்' என்று பெயர் கொடுத்து சேவ் செய்கிறாள். ரன் செய்தால், 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்கிறது கம்ப்யூட்டர். ஃபோல்டரில் பார்த்தால் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! 'எனக்கு இதெல்லாம் வராது' என்று அவள் லேப்டாப்பை மூடிவிடுவாள். ஆனால், தப்பு அவள் மீது இல்லை.

நோட்பேடு, ஃபைல் பெயருக்குப் பின்னால் 'டாட் டிஎக்ஸ்டி' என்ற வாலைத் தானாக ஒட்டிவிடக்கூடும். விண்டோஸோ வழக்கமாக அந்தக் கடைசி வாலைக் காட்டாமல் மறைத்துவிடும். இதுதான் சிக்கல்.

என்ன செய்யலாம்?

* விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 என்றால், வியூ பகுதியிலேயே அந்தப் பெயருக்கு டிக் செய்தால் போதும்.

* இப்போது வால் தெரியும். ரீநேம் கொடுத்து, கூடுதலாக ஒட்டிய 'டாட் டிஎக்ஸ்டி'யை மட்டும் நீக்குங்கள்.

* அடுத்த முறை சேவ் செய்யும்போது 'சேவ் ஆஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: வேர்டில் எழுதிய ஃபைலுக்குப் பெயரை மட்டும் மாற்றினால் ஓடாது. துண்டுக் கட்டின் மேல் லுங்கி என்று சீட்டு ஒட்டினால், உள்ளே இருப்பது லுங்கி ஆகிவிடாதே!

வாலைப் பார்க்கும் பழக்கம் படிப்புக்கு மட்டும் அல்ல. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகையே ஆட்டிவைத்தது. மெயிலில் காதல் கடிதமாக வந்த அந்த ஃபைலின் பெயரில் டிஎக்ஸ்டி என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த 'டாட் விபிஎஸ்' பலர் கண்ணுக்குத் தெரியவில்லை. திறந்தவர்களின் படங்கள் அழிந்தன.

இன்று அதே தந்திரம் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகையாக வருகிறது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ இருக்கும். பெயர் 'டாட் ஏபிகே' என்று முடிந்தால் அது ஆப். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். திறந்து பணம் பறிபோனால், தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

மகளுக்கு வாலைக் காட்டிக்கொடுத்த கையோடு, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.