ரெயிலில் பெட்டி திருட்டு போனால் பணம் வருமா? வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க...

திருப்பூர்:

தீபாவளி, பொங்கல் வந்தாலே திருப்பூரில் பாதி வீடுகளுக்கு பூட்டுதான். பனியன் கம்பெனி வேலைக்காக வந்து வாடகைக்கு இருப்பவர்கள் மதுரை, தேனி, திண்டுக்கல் என்று மூட்டை கட்டி விடுகிறார்கள். வழியில் பெட்டி திருட்டு போனால் யார் பொறுப்பு?

"டிக்கெட் எடுக்கும்போதே இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று பலர் தெம்பாக சொல்கிறார்கள். ஆன்-லைன் டிக்கெட்டில் 45 பைசாவுக்கு வரும் அந்த இன்சூரன்ஸ், பயணியின் உயிருக்கும் உடலுக்கும் மட்டும்தான். உயிர் போனால் 10 லட்சம், காயத்துக்கு ஆஸ்பத்திரி செலவு 2 லட்சம் வரை. பெட்டி போனால் ஒரு பைசா கிடையாது. கவுண்ட்டர் டிக்கெட்டுக்கு அதுவும் இல்லை.

ரெயில்வே கொடுக்குமா?

1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 100-வது பிரிவுப்படி, கையில் கொண்டு போகிற பெட்டிக்கு பயணிதான் பொறுப்பு. ஊழியரின் அலட்சியத்தால்தான் போச்சு என்று நிரூபித்தால் மட்டுமே ரெயில்வே பதில் சொல்லணும். ரிசர்வேசன் பெட்டியில் கண்டவர்களையும் ஏற விட்டதால் நடந்த திருட்டுகளில் நுகர்வோர் கோர்ட்டுகள் இழப்பீடு கொடுக்க வைத்தது உண்டு. ஆனா 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு, இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த 1 லட்சம் ரூபாயை பறிகொடுத்தவர் வழக்கில், தன் உடைமையை தானே காப்பாத்த முடியாதவருக்கு ரெயில்வே பொறுப்பாகாது என்று சொல்லி விட்டது.

சரி, லக்கேஜ் புக் பண்ணி ரசீது வாங்கினால்? மதிப்பை சொல்லி கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சவரம்பு. 20 கிலோ பெட்டிக்கு 2 ஆயிரம். உள்ளே பட்டுச்சேலை இருந்தாலும் அதே கணக்குதான்!

வீட்டு பாலிசியில் இருக்கு வழி

வீட்டு ஓனர் போட்ட பாலிசி கட்டிடத்துக்குத்தான். குடியிருப்பவரின் டி.வி., பிரிட்ஜுக்கு அதில் இடமில்லை. வாடகைக்காரர் தன் சாமான்களுக்கு மட்டும் தனியாக பாலிசி எடுக்கலாம் என்பது இங்கே பலருக்கு தெரியாத சங்கதி.

2021 ஏப்ரல் முதல் எல்லா கம்பெனிகளும் விற்கும் 'பாரத் கிரஹ ரக்ஷா' பாலிசியை அப்படி எடுக்க முடியும். தீ, வெள்ளம், புயலுக்கு அது நல்ல பாலிசிதான். ஆனா திருட்டு என்றால், அப்படி ஒரு விபத்து நடந்து, அதை சாக்காக வைத்து 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே பணம். பூட்டை உடைத்தால் வராது. பயணத்தில் போனாலும் வராது.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பேக்கேஜ் பாலிசி. அதில் கொள்ளைக்கு ஒரு பிரிவு, 'பேக்கேஜ்' என்று பயண உடைமைக்கு ஒரு பிரிவு தனித்தனியாக இருக்கும். ரெண்டாவதை டிக் அடித்து பிரீமியம் கட்டினால்தான், இந்தியாவுக்குள் ஊருக்கு போகும்போது தொலையும் பெட்டிக்கு பணம் கேட்க முடியும். ரொக்கம், நகைக்கு அந்த பிரிவில் பொதுவாக கிடையாது. நகைக்கு வேறு பிரிவு. பல நாள் வீடு பூட்டிக் கிடந்தால் கொள்ளை பிரிவு செல்லாது என்ற நிபந்தனையும் உண்டு. எத்தனை நாள் என்பது கம்பெனிக்கு கம்பெனி மாறுது. கையெழுத்து போடும் முன் அதை படிங்க.

எந்த பாலிசியானாலும் போலீஸ் புகார் நகல் இல்லாமல் கிளைம் நகராது. ஓடும் ரெயிலிலேயே டிக்கெட் பரிசோதகர் அல்லது பாதுகாப்பு போலீசாரிடம் புகார் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம். 139-க்கு போன் செய்தும் சொல்லலாம். திருட்டு நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று தெரியாமல் பாதி வழியில் இறங்கி அலைய வேண்டியதில்லை.