பத்துப் பேர் கூடாத தொழுகைக்கூடம்

விருதுநகர், சிவகாசிப் பகுதிகளிலிருந்து கொச்சிக்குச் சுற்றுலா செல்வோர் மட்டாஞ்சேரியில் காணத் தவறாத இடம், பரதேசி யூதரின் தொழுகைக்கூடம். சீனத்து நீலவண்ண ஓடுகளையும், 1760-இல் எழுப்பப்பெற்ற மணிக்கூண்டையும் கண்டு வியக்கிறோம். 1568-இல் கட்டப்பெற்று இன்றளவும் வழிபாட்டுக்குரியதாய் நிற்கிறது என்று கேட்டுப் பூரிக்கிறோம். அப்பெருமைக்குள் மறைந்துள்ள சிறுமையை மட்டும் எவரும் பேசுவதில்லை.

அவ்வாலயத்தின் பழமை மறுக்கவொண்ணாதது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடுகள் அங்கே போற்றிக் காக்கப்பட்டன. 1344-இல் கொச்சங்காடியில் எழுந்த தொழுகைக்கூடத்தின் எபிரேயக் கல்வெட்டும் அங்குதான் பதிக்கப்பட்டுள்ளது. கொச்சி அரசரின் அரண்மனைக் கோயிலை ஒட்டியே இவ்வாலயம் எழுந்தது. 1662-இல் இதற்குத் தீயிட்டவர்களோ, நம் திருமறையைச் சார்ந்த போர்த்துக்கீசியர்! ஈராண்டுகளில், ஒல்லாந்தர் ஆட்சியில், அது மீண்டும் எழுந்தது.

பிற சமயத்து மன்னன் அருகில் இடம் கொடுத்தான். உள்ளே இருந்தவர்களோ தம் சகோதரர்க்கு இடம் மறுத்தனர். பரதேசி யூதர் தம்மை வெள்ளையர் என்றனர். அவர்களுக்கு முன்பே இம்மண்ணில் வாழ்ந்த மலபார் யூதரைக் கறுப்பர் என்று ஒதுக்கினர். அடிமைத்தளையினின்று விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்களுக்கு அதே ஆலயத்தில் சமமான இருக்கையும் இல்லை, மணவுறவும் இல்லை. இது மறைநூல் விதித்த சட்டமா? இல்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே இச்சிக்கல் கெய்ரோவிலிருந்த மறைநூல் அறிஞர் தாவீது இபுன் சிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீராட்டுச் சடங்கு நிறைவேற்றியவரை மணவுறவுக்கும் ஏற்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். சாதி அத்தீர்ப்பைச் செவிமடுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்டோர் குலத்தில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பாரக் சேலம், காந்தியடிகளின் அறப்போர் நெறியை அத்தொழுகைக்கூடத்திற்குள்ளேயே கொண்டு சென்றார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் காலம் கடந்துவிட்டது.

யூத மரபில் பொதுவழிபாட்டிற்கு வயதுவந்த ஆடவர் பத்துப் பேர் வேண்டும். இன்று கொச்சியின் பரதேசி யூதரில் எஞ்சியிருப்போர் ஓரிருவரே. வெளியூர் யூதர் வந்தால்தான் பத்து நிறையும். அவர்கள் இஸ்ரயேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்ததே இதற்குக் காரணம் என்பர் சிலர். உண்மைதான், நாம் மறுக்கவில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகளாகத் தம்மினத்தாரையே எண்ணிக்கையில் சேர்க்க மறுத்த சமூகம், ஆள் குறைந்ததே என்று வரலாற்றின்மீது மட்டும் பழிசுமத்த இயலுமா?

யூதரைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. ஆலய நுழைவு பற்றிய பூசலில் 1899-இல் சிவகாசி பற்றியெரிந்ததை நம் முன்னோர் அறிவர். வடக்கன்குளத்தில் கத்தோலிக்க ஆலயத்திற்குள்ளேயே சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சுவர் போயிற்று, மனம் மாறிற்றா? ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர்க்குத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் உள்ளனவே!

"இது ஊர்வழக்கம், திருச்சபை இதில் தலையிட வேண்டாம்" என்போர் மட்டாஞ்சேரிக்குச் சென்று வரட்டும். அங்கே ஓடுகள் மங்கவில்லை, விளக்குகள் உடையவில்லை, திருச்சட்டச் சுருள்களும் உள்ளன. கூடிச் செபிக்கத்தான் ஆளில்லை. ஓர் ஆலயத்தைப் பகைவன் கொளுத்தினால் ஈராண்டில் திரும்பக் கட்டலாம். சகோதரனை வெளியே நிறுத்திய ஆலயத்தை எந்தக் கொத்தனாரைக் கொண்டு கட்டுவது?