கண்ணை மட்டும் நம்பச் சொல்பவருக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வண்டியின் பூர்வீகத்தைத் தோண்டுவது வீண்வேலை என்று ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று தொடங்கும் அது, நல்ல மெக்கானிக்கின் கண்ணும் ஒரு டெஸ்ட் டிரைவும் போதும் என்று முடிகிறது. நடுவில் அடுக்கப்படும் வாதங்கள் ஒன்றன் காலை இன்னொன்று வாருவதை எழுதியவர் கவனிக்கவில்லை. வாசகரும் கவனிக்கமாட்டார் என்று நம்பியிருக்கிறார். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தையோ, வட்டிக்கு வாங்கிய பணத்தையோ கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் சொல்லப்பட்ட புத்திமதி இது. அதனால்தான் சும்மா விட்டுப் போக முடியவில்லை.

கண்ணிலிருந்தே தொடங்குவோம். நம் தர்க்க மரபில் காட்சியை மட்டும் அளவையாக ஏற்றவர்கள் உலோகாயதர்கள். அவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது: கண்ணுக்குத் தெரியாததை யார் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நம் கட்டுரையாளரோ சர்வீஸ் ரெக்கார்டை நம்பமாட்டார், இன்சூரன்ஸ் பாலிசியைப் புரட்டமாட்டார். ஆனால், “டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ்தான்” என்று தரகர் சொன்னால் அதை மட்டும் ஆப்தவாக்கியமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். “நாலு பேரை விசாரித்து நல்ல தரகராகப் பிடித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது” என்பது அவருடைய யோசனை. பிறர் சொல்லை ஆதாரமாக ஏற்கும் உரை அளவையே வேண்டாம் என்று ஒதுக்கியவர், உரைகளிலேயே மலிவான உரையை எந்த நியாயத்தில் உள்ளே விடுகிறார்? அந்த மெக்கானிக்கை யார் கூட்டி வருகிறார், அவருக்கு யார் காசு கொடுக்கிறார் என்ற கேள்வியாவது அவருக்குத் தோன்றியதா?

கண் பார்ப்பது இன்றைய வண்டியை. இன்றைய வண்டி என்பது விற்பனைக்காகத் தயார் செய்யப்பட்ட வண்டி. சென்னையில் ஜி.பி. ரோட்டுக்குப் போய்வந்தால் ஒரே நாளில் சீட் கவரும் மேட்டும் புதிதாகிவிடும். பானெட்டுக்குள் தண்ணீர் அடித்து, ரப்பர் குழாய்களுக்குப் பளபளப்பு ஏற்றி, டயருக்குக் கறுப்பு பூசி, டிங்கரிங் பெயிண்டிங் முடித்து நிறுத்தினால் அரை மணி நேரம் பார்க்கிற கண்ணுக்கு என்ன தெரியும்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன என்பதை நகரவாசிகள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் கோளாறு டெஸ்ட் டிரைவில் தெரியாது. ஒயரிங் கனெக்டர்களுக்குள் போன ஈரம் மெல்லப் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒரு நாள் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரியும். இன்னொரு நாள் வண்டி நடுரோட்டில் நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், வெளியே தெரியும் பகுதி வெளுப்பாகவும் உருளைக்குள் சுருண்டிருந்த பகுதி சேற்றுக் கோட்டோடும் இருக்கும். இதுவும் கண்தானே என்பார் கட்டுரையாளர். கண்தான், ஆனால் அந்த டிசம்பரில் இந்த வண்டி எந்தத் தெருவில் நின்றது என்று கேட்கத் தெரிந்தவனின் கண். பெல்ட்டையே மாற்றிவிட்டால் அந்தக் கண்ணும் தோற்கும். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் முழு இழப்பாகக் கணக்கு முடித்து, ஏலத்தில் கைமாறிய வண்டியா இது என்பது காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பைப் பெயிண்ட் அடித்து மறைக்க முடியாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சொல்லிவைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு விசாரணையை வீண் என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்த வாதத்தில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. பிரிட்டனில் மூன்றாம் வருடம் முதல் ஒவ்வொரு காருக்கும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை உண்டு, எது தேறியது, எது தேறவில்லை, அன்று மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதைப் பதிவு எண்ணை வைத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம்வரை அப்படியொரு கட்டாயச் சோதனை கிடையாது. புகைச் சான்றிதழ் புகையைத் தவிர எதையும் சொல்லாது. ஆகவே இல்லாத சரித்திரத்தைத் தேடாதே என்கிறார். முன்பாதி முழுக்க உண்மை. முடிவு தலைகீழ். அரசாங்கம் 15 வருடம் திரும்பிப் பார்க்காத வண்டியை வாங்குகிறவன் இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டுமா, குறைவாகவா?

சரித்திரம் இல்லை என்பதும் பொய். அது ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நுழையும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு போடுகிறார்கள். அதில் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகிறது. 2021இல் போட்ட ஜாப் கார்டில் 61,000 என்றிருந்து, இன்று வாசலில் நிற்கும் வண்டி 48,000 காட்டினால், அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. எண்ணத் தெரிந்த குழந்தை போதும். வாரன்டி முடிந்ததும் பலர் வெளி மெக்கானிக்கிடம் போய்விடுகிறார்கள், பதிவு அறுந்துவிடுகிறது என்பதும் உண்மை. அதுவரை இருக்கிற பதிவு போதுமே, வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடியது என்று கணக்குப் போட. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கிறது: 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம். 2016 மாடல், 25,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார்கள். நான்கு டயரும் 2019இல் செய்தவை. முதல் நான்கு டயர் எங்கே தேய்ந்தது?

பாலிசியை எடுத்துக்கொள்வோம். கிளெய்ம் போகாத வருடங்களுக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50இல் நிற்கிறது. ஐந்தாறு வருடமாக ஒரே கையில் இருக்கும் வண்டியின் பாலிசியில் அந்த இடம் பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும் போன வருடம் கிளெய்ம் போயிருக்கிறது, அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் காலாவதியாகிக் கிடந்திருக்கிறது. இரண்டில் எது என்று கேட்க வேண்டாமா? அரசின் வாகன் தளத்தில் பதிவுத் தேதியும், வண்டிமேல் கடன் இருந்தால் அந்த ஹைப்போதிகேஷனும் தெரிகின்றன. ஈ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் தெரிகிறது. தவணை பாக்கியுள்ள வண்டியை வாங்கிவிட்டு, ஃபைனான்ஸ்காரர்கள் வாசலில் வந்து நிற்கும்போது மெக்கானிக்கின் கண் வந்து காப்பாற்றுமா?

ரெக்கார்டுகளைப் போலியாகவும் செய்யலாமே என்பது அவர் அடுத்து வீசும் அஸ்திரம். முந்தின பக்கத்தில்தான் சரித்திரமே இல்லை என்றார்; இல்லாததற்குப் போலி எப்படி வரும்? விற்பவர் நீட்டும் சர்வீஸ் புத்தகத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்துவது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் புத்தகத்தை வாங்கிப் பார்க்காதே, விற்பவரையே கூட அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போ என்கிறோம். சர்வீஸ் சென்டர், காப்பீட்டு நிறுவனம், ஆர்.டி.ஓ., டயர் கம்பெனி ஆகிய நான்கு இடத்திலும் ஒரே பொய்யை ஒருவர் எழுதிவைக்க முடியாது. விற்பவர் வர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான். புகையைக் கண்டு நெருப்பை அறிவதைக் கருதல் அளவை என்று பாடம் சொன்ன மரபில் வந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருப்பது வருத்தம்.

தோண்டிக்கொண்டிருந்தால் நல்ல வண்டியை அடுத்தவன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்கிறார். இது விற்பவனின் அவசரம். வாங்குபவனின் அவசரமாக ஏன் எழுதப்படுகிறது?

கடைசியாகக் கண்கலங்குகிறார்: பேப்பர் கேட்பது விற்பவரை அவமதிப்பதாம், மனிதனுக்கு மனிதன் நம்பிக்கை வேண்டுமாம். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆராய்வது முன்னால், நம்புவது பின்னால். மேலும், ஒளிக்க ஒன்றுமில்லாத விற்பவருக்குப் பேப்பர்தான் பாதுகாப்பு. வண்டி கைமாறினால் ஒரே மாநிலத்துக்குள் 14 நாளில் விற்றவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொல்கிறது. பெயர் மாறாமல் கிடக்கும் வண்டி விபத்துக்குள்ளானால், விற்றுப் பல வருடம் ஆனாலும், பதிவில் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயரே மாற்றாமல் வண்டி கைக்குக் கை உருண்டுகொண்டிருந்ததால்தான், பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரம் பெற வேண்டும், கைக்கு வந்த வண்டியைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. பேப்பரைப் பார்க்காதே என்கிற உபதேசத்தால் வாங்குபவருக்கு லாபமில்லை, நேர்மையாக விற்பவருக்கும் லாபமில்லை. மிஞ்சுவது, கமிஷன் கைக்கு வந்த மறுநாள் போனை எடுக்காதவர் ஒருவர்தான். யாருக்காக எழுதுகிறேன் என்று கட்டுரையாளர் முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.